தராசு வந்தது, அட்மின் போனது: ஒரு மீன் கம்பெனிக் கணினியின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் ஒன்றில் நடந்தது இது. ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டவில்லை. கம்பெனி சிறியது. நாட்டுப்படகுகளிடமும் விசைப்படகுகளிடமும் நண்டு, கணவாய், இறால் எடுத்து, ஐஸ் போட்டு லாரியில் அனுப்புவார்கள். ஆபீஸ் என்பது எடை போடும் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை. அதில் ஒரே ஒரு மேசைக் கணினி.

கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். முன்பு இருந்த விண்டோஸில் வைரஸ் வந்து ஒரு சீசன் கணக்கு போனதால், பக்கத்து டவுன் மெக்கானிக் ஒருவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். நிறுவும்போது ஒரே ஒரு பயனர். கம்பெனி பெயரையே வைத்துவிட்டார். முதலாளி, கணக்கு எழுதும் அக்கா, எடை போடும் பையன்கள், லீவுக்கு வரும் முதலாளி மகள் என எல்லோரும் அதே பெயரில்தான் நுழைவார்கள். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

உபுண்டுவில் நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனர், நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற குழுவில் சேர்க்கப்படுகிறார். அதே பெயருள்ள கட்டளையால்தான் அந்த உரிமையைப் பயன்படுத்துவார். ரூட் என்ற தலைமைப் பயனருக்கு பாஸ்வேர்டே கிடையாது. அந்தக் கதவு பூட்டியே வரும். ஆக, இந்த ஆபீஸில் எடை போடும் பையன் உட்பட எல்லோரும் நிர்வாகிகள். அதே சமயம் நிர்வாகி உரிமை தொங்கியது ஒரே ஒரு பெயரில். இந்த இரண்டும் சேர்ந்துதான் பிரச்சினை; பின்னால் நடந்ததெல்லாம் அதன் விளைவு என்பது என் கருத்து.

மேசையில் இருந்த முக்கியமான சரக்கு, கணக்கு அட்டவணைகள். எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம், எவ்வளவு கழிந்தது, எந்தச் சிட்டைக்குப் பாக்கி என்பதெல்லாம் அதில். நகல் என்று சொல்ல, கணக்கு அக்கா எப்போதோ பென்டிரைவில் எடுத்து வைத்த பழைய பிரதி மட்டும்.

## தராசை இணைத்த வேலை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கம்பெனிகள் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். முதலாளியின் மருமகன், அதாவது தங்கை மகன், வெளியூரில் டிப்ளமோ படிக்கிற பையன். தடைக்காலத்தில் ஊருக்கு வந்தவர், மின்னணுத் தராசின் எடை நேராகக் கணினி அட்டவணையில் விழும்படி செய்துவிடலாம் என்று ஆரம்பித்தார். நல்ல யோசனை. சிட்டையில் 18 என்று எழுதியதை 13 என்று படித்துச் சண்டை வருவது இந்தக் கரையில் புதிதல்ல.

தராசின் பின்னால் சீரியல் போர்ட் இருந்தது. அதை யுஎஸ்பிக்கு மாற்றும் மலிவான கேபிள் ஒன்றை வாங்கினார். சொருகினால் கணினி அதைக் கண்டுகொள்கிறது, உடனே கைவிடுகிறது. காரணம் விசித்திரமானது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை உபுண்டு 22.04இல் கூடவே வருகிறது. சிஎச்340 சில்லு உள்ள சீரியல் கேபிளின் அடையாள எண்ணும் சில பிரெய்ல் கருவிகளின் எண்ணும் ஒன்று. அதனால் அந்தச் சேவை கேபிளைத் தன் கருவி என்று பிடித்துக்கொள்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளில் இது தெளிவாக ஒரு வரியில் வரும். பையன் அதைக் கண்டுபிடித்து அந்தச் சேவையை நீக்கியிருக்கிறார். அங்கே பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் யாரும் இல்லை என்பதால் அது சரியான முடிவு. இதைத் தானாகக் கண்டுபிடித்தது சாதாரண விஷயமும் இல்லை.

அதன் பிறகு கேபிள் இணைப்பு நிலைத்தது, ஆனால் படிக்க அனுமதி மறுக்கப்பட்டது. சீரியல் போர்ட்டின் கோப்பு ரூட்டுக்கும் டயல்அவுட் என்ற குழுவுக்கும் மட்டுமே திறக்கும். பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். அதற்கு யூசர்மாட் என்ற கட்டளை. அதில் பெரிய ஜி எழுத்தும் குழுவின் பெயரும் கொடுத்தால், "இவருடைய கூடுதல் குழுக்கள் இவைதான், மற்றவை எல்லாம் நீக்கு" என்று பொருள். சின்ன ஏ எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் "இருப்பதோடு இதையும் சேர்" என்று பொருள். பையன் ஜி மட்டும் போட்டார். கட்டளை எந்த எச்சரிக்கையும் தரவில்லை, தரவும் தராது.

அன்று சாயங்காலம் எல்லாம் பழையபடியே இருந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு, நுழைந்த நேரத்துக் குழுப் பட்டியலையே கையில் வைத்திருக்கும். அதனால் சூடோவும் வேலை செய்தது, தராசுதான் இன்னும் திறக்கவில்லை. மறுநாள் கணினியை அணைத்துப் போட்டதும் தராசு எடை அழகாக அட்டவணையில் வந்து விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். டயல்அவுட் கிடைத்த அதே நிமிடத்தில் சூடோ போயிருந்தது. அதைக் கவனிக்கக் காரணம் ஏதும் அப்போது இல்லை.

## கண்டது

சில நாள் கழித்து பிரிண்டர் மக்கர் செய்தது. உப்புக் காற்றில் பிரிண்டரின் உள்ளிணைப்புகள் துருப்பிடிப்பது இங்கே வாடிக்கை. புதிது வாங்கி வந்து சேர்க்கப் போனபோது வழக்கம்போல பாஸ்வேர்டு பெட்டி வந்தது. ஆனால் பெட்டியில் கம்பெனி பெயருக்குப் பதிலாக ரூட் என்று இருந்தது. வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் தவறு என்றது. டெர்மினலில் சூடோ போட்டால், யார் சூடோ பயன்படுத்தலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் இந்தப் பயனர் இல்லை என்று பதில்.

இந்தப் பெட்டிதான் முக்கியமான தடயம். திரையில் அனுமதி கேட்கும் பால்கிட் என்ற அமைப்பு, முதலில் நிர்வாகிக் குழுவில் யார் இருக்கிறார் என்று பார்க்கும். ஒருவரும் இல்லை என்றால் ரூட்டிடம் போகும். ஆகவே பெட்டியில் திடீரென ரூட் பெயர் வருகிறது என்றால், பாஸ்வேர்டு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிர்வாகிக் குழு காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டும். அவர்கள் பாஸ்வேர்டு பிரச்சினை என்றே எண்ணி, தெரிந்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பூட்டியிருக்கும் ரூட்டுக்கு எது போட்டாலும் திறக்காது.

பையன் பயந்துபோய், புதிதாக உபுண்டு போட்டுவிடலாம் என்றார். கணக்கு அக்கா மறித்தார். "ஏத்துன கணக்கெல்லாம் அதுலதான் தம்பி இருக்கு, கை வைக்காதே" என்று அவர் சொன்னதுதான் இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு. அதன் பிறகுதான் முதலாளி என்னை அழைத்தார். தடைக்காலம் முடியச் சில நாட்களே இருந்தன.

## மீட்டெடுத்தது

மூன்று வழிகள் இருந்தன. புதிதாக நிறுவுவது முதலிலேயே தள்ளுபடி. பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே ஓடும் லைவ் உபுண்டுவை ஏற்றி, வட்டிலுள்ள குழுக் கோப்பைக் கையால் திருத்தலாம். அல்லது கணினியிலேயே உள்ள, பழுது பார்ப்பதற்கான ரிகவரி முறையில் ரூட்டாக நுழையலாம். உரிமையைத் திருத்த மூன்றாவதையும், அதற்கு முன் நகல் எடுக்க இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தேன். திருத்துவதற்கு முன் கணக்குக் கோப்புகள் வெளி வட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர், யுபிஎஸ் பாட்டரியும் பழசு.

லைவ் முறையில் இருக்கும்போதே என்ன நடந்தது என்று பார்த்தேன். லினக்ஸ் குழுக் கோப்பை மாற்றும்போது, மாற்றுவதற்கு முந்தைய பிரதியை அதே பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கதை முழுக்கத் தெரிந்தது. பழையதில் கம்பெனி பயனர் ஏடிஎம், சிடிராம், சூடோ, டிப், ப்ளக்டெவ், எல்பிஅட்மின், எல்எக்ஸ்டி, சாம்பாஷேர் ஆகிய குழுக்களில் இருந்தார். புதியதில் டயல்அவுட் மட்டும். அத்தாட்சிப் பதிவேட்டிலும் இன்ன குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்று வரிவரியாக இருந்தது. அந்தப் பதிவேட்டைப் படிக்கும் உரிமை ஏடிஎம் குழுவுக்குத்தான். அதையும் இழந்திருந்ததால் கம்பெனி பயனரால் தனக்கு என்ன ஆயிற்று என்றுகூடப் பார்க்க முடியாமல் இருந்தது. முந்தைய பிரதி அழியாமல் கிடைத்ததும் ஒரு அதிர்ஷ்டம். அடுத்த குழு மாற்றம் நடந்திருந்தால் அது மேலெழுதப்பட்டிருக்கும். மாற்றம் செய்ய யாருக்கும் உரிமை இல்லாததால் பிழைத்தது.

பிறகு கணினியை மறுபடி இயக்கி, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்து, கணினி ஏறும்போது எதை இயக்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியலை வரவழைத்தேன். கூடுதல் விருப்பங்களில் ரிகவரி முறை, அதில் ரூட் டெர்மினல். வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் ஏறியிருந்ததால், எழுதும் நிலைக்கு மாற்றிய பிறகே கட்டளை ஏறியது. இந்தப் படியை விட்டுவிட்டு, திருத்தம் நிற்கவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். குழுக்களைத் திரும்பச் சேர்த்தேன், இந்த முறை சின்ன ஏவுடன். எல்எக்ஸ்டி குழுவை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். அது கன்டெய்னர்களை, அதாவது கணினிக்குள் தனியே ஓடும் குட்டிக் கணினி போன்றவற்றை, இயக்குபவர்களுக்கானது. அதில் இருப்பவர் சுற்றுவழியில் ரூட்டாகிவிட முடியும். மீன் கம்பெனிக்கு அதில் வேலை இல்லை.

மறுபடி இயக்கியதும் சூடோ வேலை செய்தது, பிரிண்டர் சேர்ந்தது.

இங்கே முதலாளி சரியாகவே ஒரு கேள்வி கேட்டார். "பாஸ்வேர்டே இல்லாம நீங்க உள்ள போயிட்டீங்களே தம்பி, அப்ப வேற எவனும் போகலாம்ல?" போகலாம். விசைப்பலகை முன்னால் உட்காரக் கிடைத்தவர் இந்தக் கணினியில் எதையும் செய்யலாம். அதைத் தடுக்க க்ரப்புக்கு பாஸ்வேர்டு போடலாம், வட்டு முழுவதையும் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கலாம். இரண்டையும் அவருக்குச் சொன்னேன், இரண்டையும் இப்போதைக்குச் செய்யவில்லை. வட்டை மறையாக்கினால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். விடியற்காலையில் படகு வந்து நிற்கும்போது அதற்கு ஆள் இருக்க மாட்டார். ஆபீஸ் கதவுக்கு நல்ல பூட்டு என்று முடிவானது.

## உரிமையைப் பிரித்த விதம்

பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு எழுந்து வந்திருந்தால் இன்னொரு தடைக்காலத்தில் இதே கதை நடந்திருக்கும். யாருக்கு உண்மையில் என்ன வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. "அட்மின் வேணும்" என்று அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவை நிர்வாகி வேலையே இல்லை. தராசைப் படிக்க டயல்அவுட் போதும். பிரிண்டரைச் சேர்க்க, நிறுத்த, தொடங்க எல்பிஅட்மின் போதும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உபுண்டுவில் தானாகவே இறங்கும். மிச்சம், புதிய மென்பொருள் போடுவதும் பயனர்களைச் சேர்ப்பதும்தான். அது வருடத்துக்கு எத்தனை முறை வந்துவிடும்?

கணக்கு அக்காவுக்குத் தனிப் பயனர்: டயல்அவுட், எல்பிஅட்மின் உண்டு, சூடோ இல்லை. எடைக்கு ஒவ்வொரு பையனுக்கும் தனிப் பயனர், டயல்அவுட் மட்டும். நிர்வாகிகள் இருவர்: முதலாளி மகள் ஒருவர், நான் ஒருவர். இருவருக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு பாஸ்வேர்டு.

பொதுவாக ஒரே அட்மின் பெயர் வைத்து இருவரும் பகிரலாமே என்று மகள் கேட்டார். சூடோ பிறந்ததே பலர் பகிர்ந்த ஒரு கணினியில்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு வேக்ஸ் கணினிக்காக பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. ரூட்டின் பாஸ்வேர்டை ஊரெல்லாம் கொடுக்காமல், அவரவர் பாஸ்வேர்டிலேயே அவரவருக்கு உரிய உரிமையைக் கொடுக்க முடிவதும், யார் என்ன செய்தார் என்று பதிவாவதும் அதன் பெரிய பயன். பெயரைப் பகிர்ந்தால் அந்தப் பதிவு பாழ்.

புதிய நிர்வாகியைச் சேர்த்தபோது ஒரு பழக்கத்தை மகளுக்குக் காட்டினேன். உரிமை சம்பந்தமாக எதை மாற்றினாலும், முதலில் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மாற்றிவிட்டு, புதிதாக ஒருமுறை நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அதை மூட வேண்டும். மருமகன் அன்று இதைச் செய்திருந்தால் ஒரு வரியில் சரிசெய்திருப்பார். குழுவில் சேர்க்க யூசர்மாட்டுக்குப் பதில் அட்யூசர் என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொன்னேன். பயனர் பெயர், குழுப் பெயர், அவ்வளவுதான். அது சேர்க்க மட்டுமே செய்யும், நீக்காது.

மகள் முதன்முறை சூடோ போட்டு பாஸ்வேர்டு தட்டியபோது திரையில் புள்ளிகூட வரவில்லை. "கீபோர்டு போச்சுண்ணே" என்றார். உபுண்டு 22.04 அப்படித்தான், தட்டுவது திரையில் தெரியாது. ஆனால் இந்தக் கரையில் கீபோர்டு போவதும் மாதாமாதம் நடப்பது என்பதால் அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

முதலாளி கேட்டது வேறு. "எதுக்கும் பாஸ்வேர்டு கேக்காம பண்ணிவிட்டுருங்க." சூடோயர்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் அது நடக்கும். மறுத்தேன். அப்படிச் செய்தால் அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும், இணையத்திலிருந்து வந்து விழுந்ததுகூட, கேட்காமலே ரூட்டாகிவிடும். உபுண்டுவில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் அந்த டெர்மினலில் 15 நிமிடம் மறுபடி கேட்காது என்று காட்டியதும் அவர் ஓரளவு சமாதானமானார்.

ஒன்றே ஒன்றுக்கு விலக்கு கொடுத்தேன். அச்சுச் சேவை சிக்கிக்கொள்ளும்போது அதை மறுபடி இயக்கும் கட்டளையை மட்டும் கணக்கு அக்கா பாஸ்வேர்டு இல்லாமல் ஓட்டலாம். கட்டளையின் முழுப் பாதையும் சேவையின் பெயரும் அப்படியே எழுதப்பட்டிருக்கும், எதுவும் வரலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கிடையாது. சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை முழுவதுமாகத் திறந்துவிட்டால், தானே எழுதிய சேவை ஒன்றை அதன் வழியாக ரூட்டாக ஓட்டிவிடலாம். இந்த விதியைச் சூடோயர்ஸ் கோப்பில் நேரடியாக எழுதாமல், அதற்குரிய அடைவில் (ஃபோல்டரில்) தனிக் கோப்பாக வைத்தேன். திருத்தியது விசூடோ என்ற கட்டளை வழியாக. எழுத்துப் பிழை இருந்தால் அது சேமிக்கும் முன்பே சொல்லும். சாதாரண எடிட்டரில் ஒரு காற்புள்ளி தவறினாலும் அந்த விதி வேலை செய்யாமல் போகலாம். அந்த அடைவில் கோப்புப் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்கவே படிக்காது, பிழையும் சொல்லாது. பெயரைப் புள்ளியில்லாமல் வைக்க வேண்டும்.

இரு நிர்வாகிகளும் கைக்கு எட்டாத நாளுக்காக, மகளின் அட்மின் பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய கவரில் போட்டு பீரோவில் வைத்தோம். மானிட்டரில் இருந்த காகிதத்தைக் கணக்கு அக்காவே கிழித்தார்.

## பிறகு நடந்தது

ஜூன் 15 முடிந்து விசைப்படகு மீன் வரத் தொடங்கியதும், பையன்களுக்குத் தனித்தனிப் பயனர் என்ற ஏற்பாடு முதல் நாளே படுத்துவிட்டது. ஐஸும் செதிளும் ஒட்டிய கையோடு யாரும் வெளியேறி உள்நுழைய மாட்டார்கள். முதலில் நுழைந்தவர் பெயரிலேயே எல்லோரும் எடை போட்டார்கள். அதை வற்புறுத்துவதில் பயன் இல்லை என்று தோன்றியது. எடை என்ற ஒரே பயனராகச் சுருக்கி, கணினியைப் போட்டதும் தானாகவே அதில் நுழையும்படி மாற்றினோம். டயல்அவுட் தவிர அதற்கு எந்த உரிமையும் இல்லை. உபுண்டு 21.04 முதல் ஒருவருடைய வீட்டு அடைவை மற்றவர் திறக்க முடியாதபடிதான் உருவாகிறது. எனவே எடைப் பயனரிலிருந்து முன்பணக் கணக்கைப் பார்க்க முடியாது. தராசு வரிகள் விழுவதற்கு மட்டும் ஒரு பொது அடைவு. அக்கா அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார். யார் எடை போட்டது என்பது பழையபடி சிட்டையில் கையெழுத்தாகவே இருக்கிறது.

கவர் ஒருமுறை திறக்கப்பட்டது. மகளுக்குத் தேர்வு, என் போன் எடுக்கவில்லை, லாரிக்காரர் கொடுத்த பில் வடிவத்தைத் திறக்க ஒரு எழுத்துரு வேண்டுமாம். முதலாளி கவரைக் கிழித்து வேலையை முடித்துவிட்டார். அவருக்கு அந்த எழுத்துருவைத் தன் வீட்டு அடைவில் போட்டாலே போதும், அட்மின் தேவையே இல்லை என்று தெரியாது. பாஸ்வேர்டு மாற்றப்பட்டு புதிய கவர் வைத்தாயிற்று.

அச்சுச் சேவையை மறுபடி இயக்கும் வழியை அக்கா அடிக்கடி பயன்படுத்துகிறார். பதிவேட்டில் பார்த்தால் தெரிகிறது. அது பிரிண்டரின் கோளாறு, உரிமையின் கோளாறு அல்ல. பையன் அடுத்த லீவுக்கு வந்தபோது அட்மின் கேட்கவில்லை. தராசு நிரலில் படகு எண்ணையும் சேர்க்க வேண்டும் என்றார். அதற்கு எடைப் பயனரே போதுமானதாக இருந்தது.

## மாற்ற வேண்டியவை

இதே போன்ற ஆபீஸில் மறுபடி தொடங்க நேர்ந்தால், நிறுவும் அன்றே இரண்டாவது நிர்வாகியை உருவாக்கிவிடுவேன். அன்றாட வேலைக்கான பயனர் முதல் நாளிலிருந்தே வேறாக இருக்கும். ஒவ்வொரு பயனரும் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியலை அச்சிட்டு பீரோவில் வைப்பேன். குழுக் கோப்பின் முந்தைய பிரதியை ஒவ்வொரு முறையும் நம்ப முடியாது. எடை போடும் இடத்தில் தனித்தனிப் பயனர் என்ற முயற்சியையே விட்டுவிடுவேன்.

க்ரப் பாஸ்வேர்டு விஷயம் இன்னும் தீரவில்லை. கணக்கு அறைக்கு வெளியாட்கள் வந்து போவது அதிகமாகியிருக்கிறது. ரிகவரி முறைக்கு மட்டும் பாஸ்வேர்டு கேட்டு, சாதாரணமாகக் கணினி ஏறுவதற்குக் கேட்காதபடி அமைக்க முடியும். அதைச் செய்தால் அந்தப் பாஸ்வேர்டும் கவரில் சேர வேண்டும். உபுண்டு 22.04க்கான வழக்கமான புதுப்பிப்புகள் 2027 வரைதான். அதற்கு முன் வரும் ஒரு தடைக்காலத்தில் பதிப்பை உயர்த்தும்போது இதையும் சேர்த்துச் செய்வதாக முதலாளியிடம் பேசியிருக்கிறோம். உயர்த்திய பின் பிஆர்எல்டிடிஒய் சேவை திரும்ப வந்து கேபிளைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைப் பட்டியலின் அடியில் மருமகன் எழுதி வைத்திருக்கிறார்.